நீல முடிச்சுக்குக் கீழே

பூட்டு விழுந்த சத்தம் சின்னதுதான். ஒரேயொரு 'டக்'. ஆனால் இரும்புப் பெட்டிக்குள் நின்று கேட்டால் அது அடிவயிறு வரைக்கும் போகும் என்று ஜிப்ரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"காத்துக்குக் கதவு சாத்தியிருக்கும் அக்கா" என்றான்.

"காத்து ஆமைப்பூட்டுப் போடாது தம்பி" என்றார் சுலோஜனா. மேசையில் கிடந்த பதிவுப் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஜிப்ரி கதவைத் தள்ளினான், தோளால் இடித்தான், காலால் உதைத்தான். கப்பலில் சாமான் ஏற்றுகிற கொண்டெய்னர் அது, இருபதடி நீளம். உதைத்த காலுக்குத்தான் நொந்தது. கட்டாரில் ஆறு வருடம் ட்ரெய்லர் ஓட்டியவன் இந்த ஏறாவூர்க்காரன். அங்கே ஒருநாள் லிப்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டதிலிருந்து கக்கூசுக்குப் போனாலும் கதவை அரைவாசி திறந்தே வைப்பான். ஊருக்கு வந்து ஓட்டோ வாங்கியதற்கும் அதுதான் காரணம். ஓட்டோவுக்குக் கதவே கிடையாது.

அவனுடைய ஓட்டோவில் ஏறிப் பழகி, அவனையே உதவியாளாக வைத்துக்கொண்டவர் களுவாஞ்சிக்குடி சுலோஜனா. பயிர்க் காப்புறுதியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். வெள்ளத்தில் அழியாத வயலை அழிந்ததாகக் காட்டிய ஆட்களையும், அழிந்த வயலை அழியவில்லை என்று எழுதிய அதிகாரிகளையும் பாரபட்சமில்லாமல் பிடித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார்.

இந்த முறை தேடி வந்தவள் கண்டல்முனைக் கஜானி. புருசன் மதுரனை நான்கு நாளாகக் காணவில்லை. அவன் வேலை செய்தது இந்தக் கறுப்பு மண் கொம்பனியில். கடற்கரை மண்ணைத் தோண்டிக் கழுவி, கறுப்பு மண்ணைப் பிரித்துக் கப்பலுக்கு அனுப்புவார்கள். மிஞ்சுகிற சேற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே ஒரு பெரிய குளத்துக்குள் விடுவார்கள். அந்தக் கழிவுக் குளத்துக்கு மட்டக்களப்பு வாவிப் பக்கமாக முப்பதடி உயரத்தில் ஒரு கட்டு. கட்டின் அடியில் கண்டல்முனை, முப்பத்தெட்டு வீடு.

கட்டு எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க அதற்குள் குழாய்களை இறக்கியிருந்தார்கள். குழாய்க்குள் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தினமும் அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். போன மாதம் புதிதாக ஒரு மெஷினும் வந்தது. கூர்முனை வைத்த இரும்புக் கம்பியை மண்ணுக்குள் அமத்தி, எந்த ஆழத்தில் மண் கெட்டி, எந்த ஆழத்தில் சேறு என்று கடதாசியில் கோடு போட்டுக் காட்டுகிற மெஷின். ஊர்ச்சனம் அதற்கு வைத்த பேர் மண் ஊசி. ஊசி போடுகிறவன் மதுரன். புத்தகத்தில் ஒரு வருடமாகப் பொய் அளவு எழுதி வந்தவன், மெஷின் காட்டிக் கொடுத்துவிடும் என்ற பயத்தில் ஓடிவிட்டான் என்று கொம்பனி சொன்னது.

கஜானி அதை நம்பவில்லை. "அவருக்குப் பொய் சொன்னாக் காது சிவந்திரும் மிஸ். அந்த மனிசனால ஒரு வருசமாப் பொய் எழுத ஏலா" என்று அவள் சொன்ன விதத்தில்தான் சுலோஜனா வழக்கை எடுத்தார்.

காலை எட்டேகாலுக்கு வந்தார்கள். வாசலில் ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி, போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், கொம்பனிச் சட்டமாம். பாதுகாப்புப் பொறுப்பாளர் இராசதுரை தானே ஜீப்பில் ஏற்றி, குடை பிடித்துக் கூட்டி வந்தார். கண்டல்முனையிலேயே பிறந்து வளர்ந்த மனிசன், தங்கமான ஆள் என்று ஊரே சொல்லும். மதுரன் வேலை செய்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சுலோஜனா கேட்டதும், மண் மாதிரிகளை அடுக்கி வைக்கிற இந்தக் கொண்டெய்னரைத் திறந்துவிட்டு, இன்னொரு குடை எடுத்து வருகிறேன் என்று போனார். அதற்குப் பிறகுதான் அந்த 'டக்'.

"எஞ்சினியர்ர வேலைதான்" என்றான் ஜிப்ரி. கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியரை அவனுக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. மழைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளை எப்படி நம்புவது?

மழை கூரையில் கொட்டியது. உள்ளே ஒரு மேசை, மண் அலசுகிற சிங் ஒன்று, சுவர் நீளத்துக்கு இறாக்கைகள், அவற்றில் மெழுகு வைத்து அடைத்த மண் குழாய்கள். வாவிப் பக்கமாக ஒரு சின்ன ஜன்னல், குறுக்கே நான்கு கம்பி. ஜிப்ரி அதில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றான். அங்கே மட்டும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. வெளியே பத்தடி தூரத்தில் வாவி. வலை கட்டுகிற கம்பு ஒன்று தண்ணீருக்குள் நின்றது, அதில் நீல நைலோன் கயிறு ஒரு முடிச்சு. முடிச்சின் கீழ் விளிம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அதையே பார்த்தான். முதுகுப் பக்கம் கதவுக்கு அப்பால் நிற்கிற முப்பதடிக் கட்டை நினைக்காமல் இருப்பதற்கும் அது உதவியது.

கொஞ்ச நேரத்தில் அதுவும் உதவவில்லை. ஒரு மண் குழாயை எடுத்துக் கதவில் ஓங்கி அடிக்கலாம் என்று கை வைத்தவன், அப்படியே நின்றான்.

"அக்கா, இது பாரமே இல்ல. மண் விரதம் இருக்கிற குழாய் போல."

சுலோஜனா புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். மற்றக் குழாய்களுக்கெல்லாம் மெழுகு மஞ்சள், இதற்கு மட்டும் வீட்டு மெழுகுதிரியின் வெள்ளை. மெழுகைக் கிளறியதும் உள்ளேயிருந்து சுருட்டிய கடதாசி விழுந்தது. மண் ஊசி போட்ட கோடு. மேலேயிருந்து ஒழுங்காக இறங்கிய கோடு நான்கு மீற்றரில் சடாரென்று ஓரத்துக்கு ஒடுங்கி, ஆறு மீற்றர் வரைக்கும் அப்படியே கிடந்தது. பக்கத்தில் நீலப் பேனையால் மதுரன் எழுதியிருந்தான்: 'நாலு முதல் ஆறு வரை சேறு. கட்டு முழுக்க ஊறிவிட்டது. வெளியே வாவி நிறைந்து நிற்பதால் மட்டும் நிற்கிறது. முகத்துவாரம் வெட்டக் கூடாது.'

ஜிப்ரி இரண்டு தரம் வாசித்தான். மாரி மழையில் வாவி நிரம்பி வயல் வட்டைகளுக்குள் தண்ணீர் ஏறும்போது, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவது மட்டக்களப்பில் வழக்கம். எப்போது வெட்டுவார்கள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டினால் அரை நாளில் வாவி இறங்கும். முகத்துவாரமோ இங்கிருந்து இரண்டே கட்டை, இரண்டு மைல் தூரம். இந்த வருடம் இன்றைக்குக் காலை பத்து மணிக்கு வெட்டுவதாகச் சந்திக்குச் சந்தி அறிவித்தல் ஒட்டியிருந்தது.

"தண்ணி வடிஞ்சா நல்லம்தானே அக்கா. கட்டுக்குப் பாரம் குறையுமே."

"குடிச்ச வெறிகாரன் ஒருத்தனை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் அண்டக் குடுத்து நிப்பாட்டி வெச்சிருக்காங்க எண்டு நினை. ஒரு பக்கம் குளம், மற்றப் பக்கம் வாவி. வாவிக்காரன் திடீரெண்டு விலகிட்டான். குளத்துக்காரன் இன்னும் தள்ளிக்கொண்டு நிக்கிறான். வெறிகாரன் எந்தப் பக்கம் விழுவான்?"

ஜிப்ரி தரையைப் பார்த்தான். அவன் நின்ற இடம்தான்.

நேரம் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தான், கூப்பிட்டுப் பார்த்தான், தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினான். பம்பு மெஷின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அதோடு சேர்ந்து எங்கேயோ இன்னொரு சத்தம், டொக், டொக் என்று. கூரை ஒழுகுகிறது என்று நினைத்தான்.

சுலோஜனாவோ மறுபடியும் புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜிப்ரிக்குக் கோபமே வந்தது. சாகப் போகிற நேரத்திலும் படிக்கிற மனிசியை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"போன வருசம் முகத்துவாரம் எப்ப வெட்டினது?" என்று கேட்டார்.

அதை மறக்க முடியுமா? டிசம்பர் பன்னிரண்டு என்று அறிவித்தார்கள். மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் திட்டில் ஏறியதும் மணலுக்குள் இடுப்பளவு புதைந்துவிட்டது. அதைத் தூக்க இன்னொரு பெக்கோ வந்து அதுவும் சரிந்தது. கடலை விற்கிறவன், ஐஸ்கிறீம்காரன் எல்லாரும் வந்து திருவிழாவே நடந்தது. ஜிப்ரி இரண்டு நாள் ஓட்டோ ஓடாமல் வேடிக்கை பார்த்தான். கடைசியில் வெட்டியது பதினான்காம் தேதி.

சுலோஜனா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். குழாய்களின் நீர்மட்டம் பதினோராம் தேதி வரைக்கும் ஒரே அளவு. பன்னிரண்டாம் தேதி இறங்கத் தொடங்குகிறது. வாவி இறங்கவேயில்லை, குழாய் மட்டும் இரண்டு நாள் முந்தி இறங்கியிருக்கிறது. பக்கத்தில் 'ம' என்று மதுரனின் குறுங்கையெழுத்து.

"அறிவித்தலைப் பாத்து எழுதின அளவு இது, குழாயைப் பாத்து எழுதினது இல்ல. இந்தப் புத்தகம் மூண்டு பேர்ர கையில இருந்தது. எஞ்சினியர், மதுரன், இராசதுரை. எஞ்சினியருக்கு முகத்துவாரம் வெட்டினா இங்க தண்ணி இறங்கும் எண்டே தெரியாது. அவர் பொய் எழுதியிருந்தா மாசம் முழுக்க ஒரே அளவுதான் எழுதியிருப்பார்."

"அப்ப மதுரன்தானே?"

"கஜானி வீட்டு ஹோல்ல மாட்டியிருந்த படத்தைப் பாத்தாய்தானே?"

ஜிப்ரி பார்த்தான், பகிடியும் பண்ணினான். புருசனும் பெண்சாதியும் சிரித்துக்கொண்டு நிற்க, பின்னால் புதைந்த பெக்கோ. கலியாண அல்பத்தில் பெக்கோவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னதற்குக் கஜானி அழுகைக்குள்ளேயும் சிரித்தாள். அந்தப் படம் எடுத்தவனுக்குப் பன்னிரண்டாம் தேதி வெட்டவில்லை என்று நன்றாகவே தெரியும்.

ஆகவே எழுதினவன், முகத்துவாரம் வெட்டினால் அளவு இறங்கும் என்று தெரிந்த இந்த ஊர்க்காரன். ஆனால் அந்தக் கிழமை ஊரில் நிற்காதவன். காலையில் ஜீப்பில் வரும்போது, பெக்கோ புதைந்த கூத்தைப் பார்த்தீங்களா என்று ஜிப்ரி சும்மா பேச்சுக்குக் கேட்டிருந்தான். போன வருடம் அந்தக் கிழமை மனிசியின் கண் ஒப்பரேசனுக்காக யாழ்ப்பாணத்தில் நின்றதாக இராசதுரை சொன்னார். லீவில் நின்ற ஆள் தன் பேரில் கையெழுத்துப் போட முடியாது. திரும்பி வந்து ஒரு கிழமை அளவையும் ஒரே இருப்பில் எழுதி, 'ம' போட்டிருக்கிறார்.

"றப்பே" என்றான் ஜிப்ரி. தங்கமான மனிசன்!

"இன்னுமொண்டு. விடிய நீ தேத்தண்ணி குடிக்கப் போன கடையில அவரைக் கண்டதாச் சொன்னியே, என்ன வாங்கினார்?"

அதையும் ஜிப்ரி சிரித்துச் சிரித்துத்தான் சொல்லியிருந்தான். கையில் பிள்ளையார் விரதத்து நூல் காப்பு, கையிலேயே புட்டும் இறால் கறியும் பார்சல். இருபத்தொரு நாள் ஒரு நேரச் சைவச் சாப்பாட்டில் இருக்கிற மனிசனுக்கு இறால் எதற்கு? பிள்ளையார் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாராக்கும் என்று அப்போது பகிடி விட்டான். இப்போதுதான் விளங்கியது. அவர் சாப்பிட வாங்கவில்லை. யாருக்கோ கொடுக்க வாங்கினார், இங்கே கிட்டடியில் எங்கேயோ இருக்கிற ஒருவருக்கு.

சுலோஜனா எழுந்து போய்ப் பக்கத்துச் சுவரில் தட்டினார். அடுத்த கொண்டெய்னர் அந்தப் பக்கம் ஒட்டினாற்போல நின்றது.

"மதுரன், புட்டும் இறாலும் வாய்க்கு ருசியா இருந்ததா?" என்று சத்தமாகக் கேட்டார்.

அந்த டொக், டொக் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு இரும்பே பெயர்ந்துவிடும் போலத் தட்டல் கேட்டது அந்தப் பக்கம். கூரை ஒழுகவில்லை. நான்கு நாளாக ஒரு மனிசன் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். ஜிப்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணித்தியாலத்துக்கே தனக்கு உயிர் போய் வருகிறது, இவன் நான்கு நாள்.

அந்தத் தட்டலைக் கேட்டோ என்னவோ, ஜன்னலுக்கு வெளியே ஒரு குடை வந்து நின்றது. இராசதுரை. மழையில் நனைந்து, நித்திரை இல்லாத முகம்.

"பயப்பிடாதீங்க மிஸ். ஒண்டும் செய்ய மாட்டன். பின்னேரம் திறந்து விட்டிருவன்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி. குழாய் அளவு சிவப்புக் கோட்டைத் தாண்டினால் வேலையை நிற்பாட்ட வேண்டும் என்பது சட்டம். ஊர்ப் பெடியன்கள் இருபத்தேழு பேர் இங்கே வேலை. அவர்களைச் சேர்த்துவிட்டதே அவர்தான். வேலை நின்றால் அத்தனை பேரும் பழையபடி வெளிநாட்டுக்கு ஓட வேண்டும். ஒரு மாரி தாண்டட்டும் என்று குறைத்து எழுதினார், பிறகு அடுத்த மாரியும் வந்தது. மதுரனின் மெஷின் உண்மையைக் கக்கியதும், அவன் அந்தக் கடதாசியோடு அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போகப் புறப்பட்டான். முகத்துவாரம் வெட்டும் மட்டும் பொறுத்திரு என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அடைத்து வைத்தார்.

"தண்ணி வடிஞ்சிட்டா ஒரு பிரச்சினையும் இல்லயே மிஸ். அதுக்குப் பிறகு என்னைப் பொலிஸில குடுங்க, வாறன்."

சுலோஜனா அவரைத் திட்டவில்லை. ஜிப்ரிக்குக் கண்ணைக் காட்டினார். சிங் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. கழிவுக் குளத்து மண் ஒரு பையில் கிடந்தது, அதை அள்ளி நன்றாக நனைத்துச் சிங்கின் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு அணை பிடிக்கச் சொன்னார். ஜிப்ரி பிடித்தான். இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றினான். அணை அசையாமல் நின்றது. இராசதுரை கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் உங்கட குளம். மூடி இருக்கிற பக்கம் வாவி. இப்ப முகத்துவாரம் வெட்டுறம்" என்று சொல்லிச் சிங்கின் மூடியைப் பிடுங்கினார் சுலோஜனா.

ஒரு பக்கத்துத் தண்ணீர் குடகுடவென்று இறங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அணையின் அடியிலிருந்து மண் கஞ்சி மாதிரிக் கசிந்தது. ஒரு கீறல் விழுந்தது. அவ்வளவுதான், அணை அப்படியே வழுகி மூடி இருந்த பக்கம் படுத்துவிட்டது. மறுபக்கத்துத் தண்ணீர் அதற்கு மேலால் பாய்ந்தது.

இராசதுரையின் கையிலிருந்த குடை சரிந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை.

"போனை எடுங்க அண்ணன்" என்றார் சுலோஜனா. "பத்து மணிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. வெட்ட வேணாம் எண்டு சொல்லுங்க."

அவர் போனை எடுக்கவில்லை. கட்டுக்கு அவசரம் என்று அவரே நேற்றுப் பின்னேரம் போய் அதிகாரிகளின் காலைப் பிடித்திருக்கிறார். அவருக்காக நேரத்தை முன்னுக்குக் கொண்டு வந்தார்கள்.

"ஏழு மணிக்கே வெட்டியாச்சு மிஸ்."

ஜிப்ரி ஜன்னல் வழியே வாவியைப் பார்த்தான். அதே கம்பு. அதே நீல முடிச்சு. முடிச்சுக்குக் கீழே ஒரு முழக் கம்பு ஈரத்தோடு வெளியே நின்றது. தண்ணீர் அதற்கும் கீழே கிடந்தது. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தவன், மதுரனின் கடதாசியை எடுத்த நேரத்திலிருந்து அதை மறந்துபோனான். தன்னைத்தானே அறைய வேண்டும் போல இருந்தது.

இராசதுரை மடியிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். கம்பிக்குள்ளால் ஜிப்ரியின் கையில் திணித்துவிட்டு ஊர்ப் பக்கம் ஓடினார்.

ஜிப்ரி கையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். சாவி உள்ளே, பூட்டு வெளியே.

"அண்ணன்" என்று அவன் போட்ட கூச்சலைக் கட்டாரிலேயே கேட்டிருப்பார்கள். பத்தடி ஓடிய மனிசன் நின்று, தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார். சாவியை வாங்கி, கொண்டெய்னரைச் சுற்றி ஓடி, முதலில் பக்கத்துப் பூட்டைத் திறந்தார், பிறகு இவர்களுடையதை. கதவு திறந்தபோது ஜிப்ரி விழுந்து கும்பிடாத குறையாக வெளியே பாய்ந்தான். பாய்ந்தவன் கணுக்கால் வரை தண்ணீருக்குள் நின்றான். கட்டின் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் ஊற்று ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

தாடியும் அழுக்குமாக வெளியே வந்த மதுரன் அந்த ஊற்றை ஒரு தரம் பார்த்தான். யாரையும் குற்றம் சொல்ல அவனுக்கு நேரம் இருக்கவில்லை. பம்பு மெஷின்காரரிடம் ஓடிப் போய்க் குளத்துக்குத் தண்ணீர் விடுவதை நிற்பாட்டினான். கட்டின் மேல் வேலை செய்தவர்களை இறங்கி ஓடச் சொன்னான். கட்டு இன்னும் அரை மணித்தியாலம் நின்றால் புண்ணியம் என்றான். பிறகு எல்லாரும் ஊருக்குள் ஓடினார்கள்.

ஓடி என்ன பயன், கண்டல்முனை அசையவில்லை. கஜானி மட்டும் புருசனைக் கண்டதும் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். மற்ற ஆட்கள் வாசலில் நின்று மதுரனை ஏற இறங்கப் பார்த்தார்கள். பொய் எழுதிப்போட்டு ஓடினவன், நான்கு நாளாக எங்கே கிடந்தானோ, இப்போது வந்து கட்டு உடையப்போகுது என்கிறான். ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே சொன்னார், கட்டு இரும்பு மாதிரி நிற்கிறது என்று இராசதுரை சொல்லியிருக்கிறான், அவனை மிஞ்சி உனக்கென்ன தெரியும் என்று. அடுப்பில் உலை கொதிக்கிறது, இந்த மழைக்குள் பிள்ளைகளை எங்கே கொண்டு போவது என்று ஒரு பெண் கேட்டாள். ஜிப்ரிக்கு விளங்கிவிட்டது. பூட்டு ஒன்றுமில்லாமலேயே முப்பத்தெட்டு வீடும் அடைபட்டுக் கிடக்கிறது.

இராசதுரை முதல் வீட்டு வாசலில் நின்றார். அது அவருடைய சொந்தத் தங்கச்சி வீடு.

"நான் பொய் எழுதினனான்" என்றார். "கட்டு ஊறிப்போச்சு எண்டு எனக்கு ஒரு வருசமாத் தெரியும். மதுரன் ஓடல்ல, நாந்தான் அடைச்சு வெச்சனான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்க."

தங்கச்சி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ரோட்டுக்கு ஓடினாள்.

அவர் இரண்டாவது வீட்டுக்குப் போனார், மூன்றாவது வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னார், ஒரு சொல் குறைக்காமல். ஒரு வீட்டில் முகத்தில் துப்பினார்கள். துடைக்காமல் அடுத்த வீட்டுக்குப் போனார். ஒரு வீட்டில் அவர் வேலைக்குச் சேர்த்துவிட்ட பெடியன் அவர் சட்டையைப் பிடித்தான். பிடித்த கையைத் தானே எடுத்துவிட்டு, முதலில் அம்மாவைத் தூக்கு, பிறகு வந்து அடி என்றார். ஜிப்ரி பிள்ளைகளை ஓட்டோவில் ஏற்றி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் ஐந்து தரம் ஓடினான். ஐந்தாம் தரம் வரும்போது கடைசி வீட்டு வாசலில் அவர் குரல் அடைத்து, கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும். கட்டு பெரிதாகச் சத்தம் போடவில்லை. நடுவில் ஒரு துண்டு முன்னால் நகர்ந்தது, களைத்துப்போன ஆள் உட்காருகிற மாதிரி. அதற்குப் பிறகு வந்ததுதான் சத்தம். கறுப்புச் சேறு கொண்டெய்னர் இரண்டையும் தூக்கி வாவிக்குள் போட்டது, முதல் வரிசை வீடுகளுக்கு மேலால் போனது, நீல முடிச்சுக் கம்பையும் மூடியது. பள்ளிக்கூடத்து மேட்டிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். மதுரன் தலைகளை எண்ணினான். எண்ணி முடித்து, ஒருவரும் குறையவில்லை என்று கண்டதும், கஜானியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

ஜிப்ரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அக்கா, அந்தப் புத்தகம். கடதாசி. எல்லாத்தையும் உள்ள விட்டுட்டு வந்திட்டமே. இனி என்னத்தை வெச்சுக் கேஸைக் காட்டுற?"

சுலோஜனா சேலையின் சேற்றைப் பிழிந்துகொண்டிருந்தார். "எனக்கு ஒரு வாக்குமூலம் கிடைச்சாக் காணும் எண்டுதான் வந்தனான். முப்பத்தெட்டு வீட்டுக்காரர் கேட்டிருக்காங்க" என்றார்.

மழை விட்டு வெறித்ததும் இராசதுரை தானாகவே வந்தார். பொலிஸுக்குப் போக வேண்டும், ஏற்றிக்கொண்டு போவாயா தம்பி என்று ஜிப்ரியைக் கேட்டார். யாரும் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின் சீட்டில் சுலோஜனாவுக்குப் பக்கத்தில், கையிலிருந்த நூல் காப்பைப் பார்த்தபடி இருந்தார். வெள்ளம் வடிகிற ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் ஓட்டோ நின்று நின்றுதான் போனது. ஜிப்ரி கண்ணாடியில் அவரை அடிக்கடி பார்த்துக்கொண்டான். கதவே இல்லாத வண்டி. பொலிஸ் வாசல் வரைக்கும் அவர் எங்கேயும் இறங்கவில்லை.